இரண்டு இடது

பதினான்கு நாள் பொட்டாஷ் சுரங்கம்,
பதினான்கு நாள் வீடு என்று
ஓரெஸ்ட்டின் மாதம் இரண்டாகப் பிளந்திருக்கும்.
சஸ்காட்செவனில் ஜனவரி,
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
கார் நிற்கவேண்டிய கொட்டகையில்
வால் மட்டும் முளைத்த விமானம்.
கார் பனியில்.

ஐம்பதைத் தாண்டித்தான்
நாங்கள் வளைக்கத் தொடங்கினோம்.

ஓட்ஸ் டப்பாவின் அட்டையில் முதலில் வெட்டினேன்:
சுக்கான் மிதியைத் தாங்கும் பிடி,
உள்ளங்கை அளவுதான்.
அட்டை எதற்கும் சம்மதிக்கும்.
தகடு அப்படியில்லை.
உருளைகளுக்கிடையே நசுங்கி வந்த திசையில்
அதற்குள் ஒரு நார் ஓடுகிறது,
பலகைக்குள் ஓடுவதுபோல.
நாருக்குக் குறுக்கே மடித்தால் பொறுத்துக்கொள்ளும்.
நாரோடு மடித்தால்
வளைவின் முதுகில் மயிரிழை வெடிப்பு;
விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.
தெரிந்தபின் தெரியாததாக்க முடியாது.

தொண்ணூறு பாகை வேண்டுமா,
தொண்ணூற்று நான்குவரை தள்ளு.
கையை எடுத்ததும்
நான்கைத் தனக்கென்று திரும்ப எடுத்துக்கொள்ளும்.
வரைபடம் இதைச் சொல்லவில்லை.
ஐந்து துண்டுகள் வீணான பிறகு
வைஸ் சொன்னது.

அவன் சுரங்கத்திலிருந்த இரு வாரத்தில்
இரண்டு பிடிகளையும் முடித்தேன்.
அரைக்கால் அங்குலம் விளிம்பு மழுக்கிய மரக்கட்டைமேல்
ரப்பர் சுத்தியால்,
ஒரே இடத்தில் ஓங்காமல்
ஓரத்திலிருந்து ஓரத்துக்கு.
பிசிறு நீக்கி, அரத்தால் அராவி,
விளிம்பைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன்,
கீறவில்லை.
அச்சில் வார்த்தாற்போல் இரண்டும் ஒன்று.
படமெடுத்து அனுப்பினேன்.

"அழகு, லெஸ்யா," என்று பதில் வந்தது.
சற்றுப் பொறுத்து,
"வலது எங்கே?"

ஒன்றுபோல் இருப்பதுதான் பிழை.
ஒன்றுக்கு மற்றது
கண்ணாடிக்குள் தெரிவதுபோல் இருந்திருக்கவேண்டும்.
இரண்டு இடது கால்களோடு ஒரு விமானி கிடைத்தால்
கனகச்சிதம்.

போனில் அவன் சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை என்பது தெரிந்து
இன்னும் சிரித்தான்.
வைத்துவிட்டேன்.

வியாழன் இரவு வந்து சேர்ந்தான்,
புருவத்தில் இளஞ்சிவப்பு உப்புத்தூள்.
சூப்பைச் சுடவைத்தேன்.
குடித்தான்.
கரண்டிகள் பேசிக்கொண்டன.

சனிக்கிழமை ரிவெட் அடிக்கும் நாள்.
அதற்கு இரண்டு பேர் வேண்டும்,
பேசிக்கொள்கிற இரண்டு பேர் என்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.
வால்கூட்டுக்குள் தோள்வரை நுழைந்து
ரிவெட்டின் காலில் இரும்புக்கட்டியை அழுத்தினேன்.
வெளியே அவன், துப்பாக்கியோடு.
நடுவே வீசம் அங்குலம்கூட இல்லாத தகடு.
அந்த இரைச்சலில் சொல் நுழையாது,
தட்டுத்தான் பாஷை.
நான் ஒரு தட்டுத் தட்டினால்: இன்னும் அடி.
இரண்டு: சரி, அடுத்தது.
மூன்று: கெட்டது, துளைத்து எடு.

இரண்டு. இரண்டு. ஒன்று, இரண்டு. இரண்டு.
நாற்பத்தோரு ரிவெட் இப்படியே.

அடுத்தது அழுந்தத் தொடங்கும்போது
துப்பாக்கி நின்றது.
வெளியிலிருந்து ஒரு தட்டு.
அவன் பக்கத்திலிருந்து தட்டு வருவது வழக்கமே இல்லை.
இன்னும் அடி என்கிறான்.
யாரை?
வாய்க்குள் அடக்கிய சிரிப்பு
தோளுக்கு இறங்கிவிட்டது.
அவன் விசையை அழுத்த, கட்டி நழுவ,
ரிவெட்டின் கால் கோணிக்கொண்டது.

மூன்று தட்டினேன்.

வலதை ஞாயிறன்று மடித்தேன்,
அட்டையைப் புரட்டிப் போட்டு,
நாருக்குக் குறுக்கே.
கொட்டகை அன்று கொஞ்சம் வெதுவெதுப்பு.
தொண்ணூற்று மூன்றரை
போதுமாயிருந்தது.