பதில் சைகை

நடுவர் கை அசைத்தால்
நான் வெள்ளைத் துணியை உயர்த்த வேண்டும்.
பார்த்தேன், எழுதிவிட்டேன் என்று பொருள்.
அதைக் கண்ட பிறகே அடுத்த பந்து.
பார்படோஸில், செயின்ட் பிலிப் மைதானத்தில்,
பதினெட்டு வருடமாக
எவரார்ட் கிட்டென்ஸுக்கும் எனக்கும்
அவ்வளவுதான் பேச்சு.

அந்த ஞாயிறு நான்கு என்று அசைத்தார்,
வழக்கம்போல் பாதி திரும்பி.
துணியை உயர்த்தினேன்.
மறுபடி அசைத்தார்.
மறுபடி உயர்த்தினேன்.
மூன்றாம் முறை முழு உடம்பையும் திருப்பி
"தூங்குறியா, மார்வா?" என்றார்.
கரும்புக்காட்டு ஓரம் உட்கார்ந்திருந்தவர்கள்
சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
என் அண்ணன் க்ளைட் இப்படித்தான்
கதவில் தோளை இடித்துக்கொண்டு
கதவைத் திட்டுவான்.
வலி இல்லை. சிவப்பு இல்லை.
கண் போவதென்றால் இருட்டு வரும் என்று
எதிர்பார்த்திருந்தான்.
இருட்டு வருவதில்லை.
மூளை கெட்டிக்காரத் தையல்காரி,
ஓட்டை விழுந்த இடத்தில்
பக்கத்துப் புல்லையே வெட்டி ஒட்டிவிடுவாள்.
தையல் தெரியாது.
அந்தப் புல்லில் ஒரு பேருந்து வந்தாலும் தெரியாது.

கிட்டென்ஸ் கேட்கவில்லை.
தூரத்துப் பலகையைக் காட்டி
ஸ்கோரைக் கடைசி எண் வரை படித்தார்.
படிப்பார்தான்.
ஓரம் எல்லாம் கரைந்த பிறகுதான்
நடு கரையும்.
நடுவரே, உமக்கு இது தெரியாதா?

பிரிட்ஜ்டவுனுக்குக் கூட்டிப்போக
ஏழு வாரம் சண்டை போட்டேன்.
வெள்ளைக் கிண்ணம் ஒன்றில் முகத்தை வைத்து
கையில் ஒரு பொத்தான் கொடுத்தார்கள்.
குட்டி விளக்கு தெரிந்தால் அழுத்த வேண்டும்.
பந்தெண்ணும் கருவியைப் பிடித்துப் பழகிய கட்டைவிரல்
மூன்று முறை அழுத்தியது.
பிறகு சும்மா இருந்தது.
"விளக்குப் போடுவதை நிறுத்திவிட்டீர்களா?"
என்று கேட்டார்.

போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்.

தாளைக் கையில் வாங்கினேன்.
ரன் இல்லாத பந்துக்கு நான் வைக்கும் புள்ளிகளைப் போல
ஓவர் ஓவராக, கறுப்புக் கறுப்பாக.
கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வழியில்லை,
அழுத்தம் நரம்பைத் தின்கிறது,
தின்றது திரும்பாது என்றார் டாக்டர் இன்னிஸ்.
கிளாகோமா என்ற சொல்லை
கிட்டென்ஸ் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்,
வெளியூர் அணியில் புதிதாக வந்தவன் பெயரைப்போல.

பிறகு டாக்டர் என்னைப் பார்த்தார்.
"அண்ணனுக்கு என்றீர்களே. நீங்கள் எப்போது பார்த்தீர்கள்?"

ஐயம் இருந்தால் மட்டையாளருக்குச் சாதகம் என்பது
ஆட்டத்தின் சட்டம்.
அந்தச் சட்டத்தைத்தான் என் கண்ணுக்கும்
பதினொரு வருடம் கொடுத்திருந்தேன்.
கிட்டென்ஸின் சூடு ஆறாத நாற்காலியில் உட்கார்ந்தேன்.
என் தாளில் மூக்கோரம் மூன்றே புள்ளிகள்.
அவ்வளவு சீக்கிரம் வந்தவர்கள் குறைவு என்றார்.
மகிழ்வதா என்று தெரியவில்லை.

ஆறாம் வாரம் கிட்டென்ஸ் மருந்தை நிறுத்திவிட்டார்.
"ஒன்றும் தெளிவாகவில்லையே."
மாலை மங்கும்போது அனுப்புகிற காவல் ஆட்டக்காரன்
ரன் எடுக்கவா போகிறான் என்று கேட்டேன்.
விக்கெட் விழாமல் நின்றால் போதும் அவன்.
சொட்டும் அதுதான்.
கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார்.
பிறகு புட்டியைத் தேடினார்,
அது கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

இப்போது வேறொருவர் நடுவர்.
கிட்டென்ஸ் என் பக்கத்துப் பலகையில்.
யாரோ சிக்ஸர் அடித்தால்
தலையை முழுதும் திருப்பித் தேடி
சைகையைக் கண்டுபிடித்து
துணியை உயர்த்துகிறார்.
கொஞ்சம் தாமதம்தான்.
பந்துவீச்சாளன் இடுப்பில் கை வைத்து நிற்கிறான்.
நிற்கட்டும்.

இரவு ஒன்பதுக்கு
என் தொலைபேசி ஒரு முறை அடித்து நிற்கும்.
கண்ணை மூடி, மூக்கோர மூலையை விரலால் அழுத்தியபடி
மறு கையால்
நான் ஒரு முறை அடித்து நிறுத்துவேன்.