மூலைமட்டம்

செம்புதாஸ் தெருவில்
மீன்பாடி வண்டிக்கும் சரக்கு ஆட்டோவுக்கும் நடுவே
உடம்பைச் சாய்த்துக் கடைக்குள் நுழைந்தேன்.
ஆறங்குல மூலைமட்டம் ஒன்று,
இரும்பறுக்கும் ரம்பம், பிளேடு ஒரு டஜன்.

பில் தாளைக் கல்லா மேசையின் விளிம்போடு ஒட்டி
மட்டத்தின் பிடியை அணைத்துக் கோடு கிழித்தேன்.
புரட்டி வைத்து
அதே புள்ளியிலிருந்து இன்னொன்று.
இரண்டும் ஒன்றாய்க் கிளம்பி
மேலே போகப் போக
பேச்சு முறிந்த பங்காளிகளாய் விலகின.
"புது மாலு சார்" என்றார் தஸ்தகீர்.
கோட்டைக் காட்டினேன்.
உள்ளே போய்
ஒரு பெட்டியையே கொண்டுவந்து கவிழ்த்தார்.
நான்காவதில் கோடு ஒன்றே.
மற்ற மூன்றையும் அவர்
திரும்பப் பெட்டியில் அடுக்கியதைப்
பார்க்காத மாதிரி இருந்தேன்.

கொளத்தூர், மூன்றாம் மாடி, பால்கனி.
சதுரக் குழாயை அறுத்தேன்.
சூடேறிய இரும்பின் வாசம்,
கொடியில் காயும் நைட்டியெல்லாம் துகள்.
வெட்டுமுகத்தில் மட்டத்தை வைத்து
வெயிலுக்கு எதிரே பிடித்தேன்:
இடுக்கில் ஒளி இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

போன வருஷம் நான் செய்த தேக்கு மேசை,
செருப்பு ஸ்டாண்டு, பரண் கதவு,
ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தேன்.
எல்லா மூலையிலும் வெளிச்சம்.
பில்டர் கட்டிய சமையலறைச் சுவரிலும்கூட.

"இத்தனை நாள் ஆடாமத்தானே நின்னுச்சு?"
மேசைமேல் ரசச் சட்டியை
ணங்கென்று வைத்தாள் வேதவல்லி.

ஆடவில்லைதான்.
ஆனால் நேற்றிலிருந்து
என் தட்டில் மட்டும்
ரசம் ஒரு பக்கமாய் ஒதுங்குகிறது.