ஒரு நாளைக்கு எத்தனை

முக்கூடலில் ஏறி வண்ணார்பேட்டையில் இறங்கும்வரை
மதினி முப்புடாதி என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.
"மூஞ்சிக்கு எதையாவது பூசிரலாம்ட்டி,
இந்த நகத்துக்கு என்ன செய்ய?"

பீடித்தூள் ஏறி மஞ்சளாய்ப் போன நகம்.
தலை மடக்குவதற்கென்று
ஆள்காட்டி விரலில் மட்டும் நீளமாய் விட்டிருந்தேன்.

பார்லரில் எனக்கு வாய்த்தவள் மிசோரம்காரி.
பேர் லால்ரின்புயி. முதலாளியம்மா சுருக்கி, லல்லி.
வருகிறவர்களுக்கெல்லாம் அவள் நேப்பாளப் பிள்ளை.
திருத்தித் திருத்தி அலுத்திருக்கும், ஆமாம் என்கிறாள்.

பக்கத்து நாற்காலியம்மா அவள் கன்னத்தைக் கிள்ளி
"இந்த நெறத்துல பாதி இருந்தாப் போதும்" என்றாள்.
கிண்ணத்தில் ப்ளீச் கலக்கியபடி, சிரிக்காமல்,
அவள் என்னிடம் கேட்டாள்:
நாளைக்கு அவன் வந்து என்ன பார்ப்பான்?

என்னத்தைச் சொல்ல.
அவன் எங்கே பார்க்க, அவன் அம்மா பார்ப்பாள்.
நான் காப்பி கொடுக்கணும், நிமிரக் கூடாது.
"பேச மாட்டியா?"
பேசலாம். கேட்டதுக்கு மட்டும்.

முகம் திகுதிகுவென்று எரிய
அவள் ஊர் வழக்கம் ஒன்று சொன்னாள்.
முன்பெல்லாம் அந்தி சாய்ந்தால் அங்கே
பையன்கள் பெண் வீட்டுக்கு வந்து உட்காருவார்களாம்,
நாலு பேர், ஐந்து பேர், அடுப்பைச் சுற்றி.
அப்பன்காரன் கண்டும் காணாமல் இருப்பானாம்.
பெண் அவள் பாட்டுக்கு வேலை செய்தபடி
எல்லாருக்கும் புகையிலை சுருட்டிக் கொடுப்பாளாம்.
பிடித்தவனுக்கு மட்டும்
தானே பற்றவைத்து, ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நீட்டுவாளாம்.
அவ்வளவுதான் சேதி.

கண்ணில் வைத்த பஞ்சை எடுத்துவிட்டேன்.
ஏட்டி, படிப்பை நிறுத்தின நாளிலிருந்து சுத்துதேன்.
இலை வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டி,
இருபத்தஞ்சு இருபத்தஞ்சாய் ஆயிரம்.
செக்கர் கழித்து எறிந்தது போக
எத்தனை லட்சம் ஆம்பளை வாய்க்குப் போயிருக்கும்.
ஒருத்தன் மூஞ்சியும் தெரியாது.

அவள் என் நகத்தை வெட்டவில்லை.
ஓரத்தை லேசாய் ராவிவிட்டு "இது நல்லாருக்கு" என்றாள்.
மதினி ஐம்பது ரூபாய் குறைத்துத்தான் கொடுத்தாள்.

மறுநாள் கடையத்திலிருந்து வேன் நிறைய வந்தார்கள்.
திருப்பூரில் கட்டிங் மாஸ்டராம்.
அவன் அம்மா என் முகத்துப் பளபளப்பை நம்பாமல்
கையைப் பிடித்து விரித்தாள்.
"ஒரு நாளைக்கு எத்தனை சுத்துவே?
கார்டு உன் பேர்லயா, உங்கம்மா பேர்லயா?"

அறுநூறு என்றேன்.
கதவிடுக்கில் மதினி நெஞ்சில் கை வைத்தாள்.
மிச்ச நானூறை எனக்கென்று வைத்துக்கொண்டேன்,
எதற்கென்று தெரியாமலே.

"நீயும் எதும் கேக்கணும்னா கேளும்மா" என்று
அந்தப் பக்கத்து மாமா ஒருவர் சும்மாதான் சொன்னார்.

நிமிர்ந்தேன்.
"நீங்க பீடி குடிப்பீகளா?"

காராச்சேவு மெல்லும் சத்தம் நின்றது.
அவன் அம்மாவைப் பார்த்தான், வாசல் வேனைப் பார்த்தான்,
அப்புறம்தான் என்னை.
"சிகரெட்டுதான்" என்றான்.

உதடு நல்ல கறுப்பு.
அதை நான் ஆற அமரப் பார்த்துக்கொண்டிருந்தேன்.