நான்கு என்று எழுதிய மரம்

காலை ஏழுக்கே முப்பது டிகிரி.
அலென்தேஜுவில் ஜூன் மாதத்துக்கு வெட்கம் கிடையாது.
பண்ணை வீட்டுச் சுவருக்கு
நேற்றுத்தான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்,
மிகப் பழையதாகத் தெரியும்படி.

மணமகள் ஃபெம்கா, மணமகன் யோரிஸ்.
உத்ரெக்டிலிருந்து அறுபத்திரண்டு விருந்தாளிகள்,
ஒரு சக்கர நாற்காலி,
செம்மண்ணில் புதையும் குதிகால்கள்.
"எல்லாம் இயல்பாக இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார்கள்.
கூடவே பட்டியல்:
எடுக்க வேண்டிய படங்கள் நூற்றிப்பதினேழு.

உறுதிமொழிக்குக் கால்மணி இருக்கையில்
ஏற்பாட்டாளர் ஓடி வந்தாள்.
"ஸுல்மிரா, அந்தச் சத்தம்!"

வேலிக்கு அப்பால் தக்கை உரித்துக்கொண்டிருந்தார்கள்.
டொக். டொக்.
பிறகு தடித்த துணி கிழிவதுபோல் ஒன்று.
எனக்கு அது சத்தமாகவே படவில்லை.
படத்தில் சத்தம் விழாது என்று சொல்லிப் பார்த்தேன்.
வீடியோவில் விழும் என்றாள்.

பெல்மிரு கோடரியை ஊன்றி நின்று கேட்டார்:
"இருபது நிமிடம் என்றால் இரண்டு மரம். யார் கணக்கு?"
பீர் தருவார்கள் என்றேன்.
"கையில் கோடரி. ஐஸ் கொடு."

ஆக, ஐந்து ஆண்கள்
தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு
கன்னத்தில் ஐஸ் ஒதுக்கி
புரியாத மொழியில் இருவர்
ஒருவரையொருவர் ஒப்புக்கொள்வதைப் பார்த்தார்கள்.
ஒரு படம் எடுத்தேன்.
பட்டியலில் இல்லாதது.

மாலை. நல்ல ஒளி எட்டு நிமிடம் மிச்சம்.
அன்று உரித்த மரம் ஒன்று
அறுத்து வைத்த தர்பூசணியின் நிறத்தில் நின்றது.
தண்டில் வெள்ளைச் சாயத்தில் '4',
இன்னும் காயாமல்.
"சாய்ந்துகொள்ளட்டுமா?" என்றாள் ஃபெம்கா,
எண்ணுக்கு மறுபக்கமாக.

புதிதாய் உரித்த தண்டு வியர்க்கும்.
இங்கே பிறந்த யாருக்கும் தெரியும்.
எனக்கும் தெரியும்.
அவள் கழுத்தோரம் ஒளி விழுந்த விதத்தைப் பார்த்துக்கொண்டே
சாய் என்றேன்.

விலகியபோது முதுகு முழுக்க,
தோளிலிருந்து இடுப்புவரை,
தேநீர்க் கறையில் மரத்தின் வரிகள்.
என்னைவிடத் துல்லியமாக
அது ஒரு பிரதி எடுத்திருந்தது.

யோரிஸின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.
பரிமாற வந்த குஸ்தோதியா
எலுமிச்சை, உப்பு என்றெல்லாம் ஆரம்பித்து,
கிட்ட வந்து பார்த்துவிட்டு,
"போகாது" என்று முடித்தாள்.
ஃபெம்கா என்னிடம், "எடு, நான் பார்க்கணும்."
கேமராத் திரையில்
தன் முதுகை வெகுநேரம் பார்த்தாள்.
அழுதாளா தெரியாது. பாட்டு தொடங்கிவிட்டது.

முன்பக்கம் மட்டும் எடுக்கும்படி உத்தரவு.
நடனத்தின் ஒவ்வொரு சுற்றிலும்
அவள் முதுகே என் பக்கம் திரும்பியது.
வேண்டுமென்றா, அதுவும் தெரியாது.

மூன்று வாரம் கழித்து யோரிஸின் அம்மா எழுதினார்:
கறையை அழிக்கவும்.
மரத்தில் யாரோ கிறுக்கிய எண்ணையும்.

கிறுக்கல் அல்ல, சீமாட்டி.
உரித்த வருடத்தின் கடைசி இலக்கம் அது.
அடுத்த ஒன்பது வருடம்
அந்தத் தண்டில் யாரும் கோடரி வைக்கக் கூடாது.
என் கல்யாணம் எட்டு வருடம் ஓடியது,
ஒரு பட்டை தேறுமளவுகூட இல்லை.
இதையெல்லாம் எழுதவில்லை.
படத்துக்கு நாலு யூரோ என்று எழுதினேன்.

எண்ணை அழிக்க இரண்டு நொடி.
கறைக்கு ஓர் இரவு.
விடியும்போது துணி வெளுத்துக் கிடந்தது,
அந்தச் சுண்ணாம்புச் சுவர் போல.

மறுநாள் ஃபெம்காவிடமிருந்து ஒரே வரி:
முதுகுப் படங்களை எனக்கு மட்டும் அனுப்பு,
தொடாமல்.

அனுப்பினேன்.
அன்றைக்கே பெல்மிருவும் கேட்டிருந்தார்,
அந்த ஐஸ் படத்தை, வாட்ஸாப்பில்:
"நன்றாயிருக்கிறது. தொப்பையை மட்டும்
கொஞ்சம் அழித்துத் தா."

அதற்குக் காசு வாங்கவில்லை.