கடன் உப்பு

வெள்ளி ராத்திரியே
மேலப்பாளையத்தில் சொல்லிவைத்து வாங்கியாச்சு,
பதினாறு கிலோ கறி.
தயிரில் ஊறப்போட்டு, அண்டாவோடு
குட்டியானை வண்டியின் பின்னால் ஏற்றிக் கட்டிவிட்டு
காவலுக்கு அங்கேயே படுத்தேன்.
நாற்பத்து மூணு வயசு.
“கிறுக்கு முத்திட்டு” என்றாள் எஸ்தர்,
கொசுவத்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டே.

நான் பந்து ஆடினவனில்லை.
மூணு வருஷம் வேதியியல், நாலு அரியர்.
கோட்டுக்கு வெளியே நின்று கத்துவேன்.
அதில் மட்டும் முதல் வகுப்பு.

சனி காலை ஏழு மணி.
வ.உ.சி. மைதானத்து மதிலோரம்
வேப்பமர நிழலுக்கு ஒரு ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்டி
வண்டியை ரிவர்ஸில் விட்டோம்.
பின்கதவை இறக்கினால் அதுவே மேசை, அதுவே மேடை.
ஞானதிரவியம் மகனுடைய பள்ளிக்கூட டிரம்மைத் திருடி வந்திருந்தான்.
மெரூன் கொடிக்கு ஒட்டடைக் கம்பு.
தோஹாவிலிருந்து லீவில் வந்த பீர்முகம்மது,
குடலிறக்க ஆபரேஷனில் தையல் பிரிக்காத ஆவுடையப்பன்,
எல்லாரும் வந்தாச்சு.

பத்தடி தள்ளி அவர்கள் வண்டி.
ஆற்றுக்கு அந்தக் கரைக் கல்லூரி. நீலம்.
அங்கேயும் அண்டா. அண்டாவில் கறி.
ரெண்டு கரையும் குடிப்பது ஒரே தாமிரவருணிதானே என்று
எவனாவது சொன்னால் அன்றைக்கு அடி விழும்.

“என்னவே, பாலம் தாண்டிப் பந்து பொறுக்க வந்தியளோ?”
“ஏல, போன வருசம் மூணு வாங்குனது மறந்துட்டா?”

பத்து மணிக்குக் கறி பாதி வெந்திருந்தது.
ஞானதிரவியம் கரண்டியை நக்கிவிட்டு
என்னைப் பார்த்தான்.
உப்பு.
பட்டை இருக்கு, கிராம்பு இருக்கு,
கேட்பாரில்லாத முந்திரிப்பருப்பு அரைக்கிலோ இருக்கு.
உப்பு, வீட்டு அடுப்படியில் இருக்கு.
கடைக்கு அனுப்பின பயல்
பேண்டு வாத்தியத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான்.

எதிர் வண்டியிலிருந்து இறங்கி வந்தான் கோயில்பிச்சை.
இருபது வருஷமாய் வருஷத்துக்கு ஒரு நாள்
நான் அம்மாவைத் தவிர்த்து மற்றதெல்லாம் சொல்லி ஏசுகிறவன்.
கையில் கல்லுப்பு, ஒரு கிலோ,
மூலையைப் பல்லால் கடித்துப் பிரித்த பாக்கெட்.
உப்பைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வருமாம்.
எங்களுக்குள் இனி வர என்ன பாக்கி?
அவன் என் கையில் தரவுமில்லை.
ரெண்டு கை அள்ளி அண்டாவில் போட்டான்,
அவனே கிண்டினான்,
அவனே உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்த்தான்.
“இப்ப சரி.”
பாக்கெட்டை மறந்துவிட்டுப் போனான்.

எழுபத்தெட்டாவது நிமிஷம்.
எங்கள் பதினோராம் நம்பர், வள்ளியூர்ப் பையன்,
ஒட்டடைக் கம்பைவிட ஒல்லி,
இடது ஓரமாய் ஏறி
ஒருத்தனுக்கு அல்வா கொடுத்தான்,
பின்னால் வந்தவனுக்கும் ஒரு பொட்டலம்.
பந்து கம்பத்தில் இடித்து, யோசித்து,
உள்ளே.

மைதானமே எழுந்தது.
நானும் எழுந்து வாயைத் திறந்தேன்.
கடைவாய்ப் பல்லில் ஒரு நார்க்கறி. அதில் உப்பு.
அரை நொடி, அவ்வளவுதான்,
சத்தம் வரவில்லை.
எதிர் கேலரியில் எவனோ ஒருத்தன்
நீலத் துண்டைத் தலையில் போட்டுக் குனிந்திருந்தான்.
அவனா என்று இவ்வளவு தூரத்தில் தெரியாது.
பிறகு கத்தினேன். நல்லாவே கத்தினேன்.
ஆவுடையப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குதித்தான்.
அந்த அரை நொடியை யாரும் பார்க்கவில்லை.
அது அவன் கணக்கு.

ஞாயிறு ஆராதனையில் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தேன்.
மத்தியானம் அண்டா தேய்க்கையில்
வண்டி மூலையிலிருந்து எடுத்து வந்தாள் எஸ்தர்:
“இது யாரு வீட்டு உப்பு?”

முக்கால் கிலோ இருக்கும்.
தோற்றிருந்தால் பாலம் தாண்டிப் போய்க்
கொடுத்துவிட்டு வரலாம்.
ஜெயித்தவன் கொண்டு போனால்
அது புண்ணுக்கு.

ரப்பர் பேண்ட் போட்டு
சீட்டுக்கு அடியிலேயே வைத்தேன்.
அடுத்த மாசிக்குள்
ஒரு ஐப்பசி இருக்கிறது.
கசியாமல் இருக்கணும்.