படிவத்தின் நான்காம் கட்டம்

விளக்கை அணையுங்கள் என்றேன் பெக்மானிடம்.
மஞ்சள் பல்பு பொய் சொல்லும்;
எல்லா நாயையும் கொஞ்சம் செவலையாக்கிக் காட்டும்.
பனி ஓய்ந்த ஹார்ட்ஸ் மலையின் பகல்
சன்னலோரம் ஒரு முழம் கிடைத்தது. போதும்.
கூடையை அங்கே நகர்த்தினோம்.
ஐந்து டாக்ஸ்ஹண்ட் குட்டிகள். ஒன்பது நாள்.
கண் திறக்காத ஐந்து நீளங்கள்.

முதலாவது செவலை. முதுகில் கருநுனி மயிர் கொஞ்சம்,
வளர வளர உதிர்ந்துவிடும்.
இரண்டாவது காரி. புருவத்தின்மேல் இரண்டு தேன்பொட்டு,
பாதங்களிலும் அதே தேன்.
காலைத் திருப்பிப் பார்த்தேன்.
வரி இருந்தால் கருப்புக்குள் ஒளிந்துகொண்டு
இந்தத் தேனில் மட்டும்தான் தலைநீட்டும்.
இல்லை.
மூன்றாவதும் அப்படியே.
நான்காவதைக் கருப்பு என்றார் அவர்.
மயிரை விடுங்கள், மூக்கைப் பாருங்கள் என்றேன்.
காய்ச்சிய வெல்லம்.
சாக்லேட் என்று எழுதினேன்.

ஐந்தாவதற்கு 'செ' போட்டுவிட்டேன்.
அப்புறம்தான் பார்த்தேன்,
இடது காதின் பின்னால்
நகமளவு சாம்பல்.

"அடுப்புச் சாம்பல்" என்றாள் மைக்கே, அவர் மகள்.
விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.
மறுபடி தேய்த்தாள்.
குட்டி முனகியது.
சாம்பல் அங்கேயே இருந்தது.

இந்தப் பக்கம் இதைப் புலி என்பார்கள்.
வரியுள்ள நாய்க்கு வேறு பெயர்;
திட்டுத்திட்டாய் வெளிறித் தெறித்ததுதான் புலி.
புலியையே பார்க்காத யாரோ வைத்த பெயர்.
செவலையில் அது பதுங்கும்.
இரண்டு மாதம் போனால் செம்மயிர் மூடிவிடும்,
விளக்கு வைத்துத் தேடினாலும் அகப்படாது.

ஆனால் தானாக வராது.
தாயிடமோ தகப்பனிடமோ இருந்தாக வேண்டும்.
தகப்பன் காரி; அவன் மேல் ஒரு கறையும் இல்லை.
ஃபெனாவைக் கூப்பிட்டேன்.
மடி தரையில் உரச வந்தாள்,
வால் முதல் மூக்கு வரை மாசில்லாத செவலை.
முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.
வலக்கண்ணின் பழுப்பில்
ஆறுமணிக்கு முள் நிற்கும் இடத்தில்
ஒரு நீலக் கீறல்.

அவளுடைய சான்றிதழைக் கொண்டுவந்தார் பெக்மான்.
நிறம்: செவலை.
கீழே ஆறு வருடத்து மை.
இ. காஸெபாம்.
நான்தான்.
அன்றைக்கு எந்தப் பல்பின் கீழ் பார்த்தேனோ.

கொஞ்ச நேரம் கூடைக்குள் பால் குடிக்கும் சத்தம் மட்டும்.
பிறகு அவர்,
"முதல் ஈற்றில் ஒரு செவலைப் பெட்டை.
கோஸ்லாரில், வின்ஃப்ரீட் க்ரோனே வீட்டில்.
இந்த மாதம் அதை..."
நிறுத்திக்கொண்டார்.
க்ரோனேயின் ஆண் நாய் எனக்குத் தெரியும்.
கண்காட்சியில் அதன் தோளைத் தடவியிருக்கிறேன்,
நல்ல புலி என்று சொல்லியிருக்கிறேன்.

புலியும் புலியும் சேர்ந்தால்
நாலில் ஒன்று வெள்ளை வெளேரென்று பிறக்கும்.
கதவை அறைந்தாலும் தலை திருப்பாமல்,
கண் இருக்க வேண்டிய இடத்தில்
சில நேரம் கண்ணே இல்லாமல்.
ஒரே ஒருமுறை அப்படி ஒன்றைக் கையில் வாங்கியிருக்கிறேன்.
உள்ளங்கைச் சூடு தேடி
தவறான பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது.

தொலைபேசியை எடுத்தேன்.
கோஸ்லாரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.
மைக்கே படிவத்தை எட்டிப் பார்த்தாள்.
"தப்பா எழுதிட்டீங்களே, அடிக்கணுமா?"
'செ'வை அடிக்கத் தேவையில்லை.
காதில் மணியோடு
மிச்சத்தை எழுதி முடித்தேன்:
செவலைப்புலி.

ஏழாவது மணியில் யாரோ எடுத்தார்கள்.
பின்னால் நாய்கள் குரைத்தன.
ஒன்றா இரண்டா என்று கேட்க முயன்றேன்.