மூன்று மாதத்துக்கு முன்

கருங்கல் சந்தையின் இரைச்சல்
மாடிப்படி ஏறி வருகிற மூன்று மணிக்கு
பெனிஷா வந்தாள், மிடாலத்திலிருந்து.
கையில் ஒரு பாலிதீன் உறை,
உறைக்குள் முடி.

"ஒரு வாரத்துக்கு உள்ளதாக்கும் அக்கா.
தண்ணி பிடிக்கல்லேன்னு தோணுது."

எல்லாரும் தண்ணீரைத்தான் சொல்வார்கள்.
கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர்,
கட்டிக்கொடுத்த ஊர்த் தண்ணீர்.
தண்ணீர் வந்து மறுத்துப் பேசாது, பாவம்.

நாற்காலியில் இருத்திப் பின்னலை அவிழ்த்தேன்.
சுவரில் கம்பெனிக்காரன் தந்த அட்டை தொங்குகிறது:
நேர்முடி ஒன்று, அலைமுடி இரண்டு,
சுருள் மூன்று, கம்பிச்சுருள் நான்கு,
ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி.
அதில் சிரிக்கிற பன்னிரண்டு பெண்களில் ஒருத்தியும்
கடற்கரை ரோட்டில் பஸ் ஜன்னலோரம்
உப்புக்காற்றில் உட்கார்ந்து வந்தவளில்லை.
பெனிஷாவுக்கு நெற்றியில் இரண்டு,
காதோரம் மூன்று,
பிடரியில், யாரும் பார்க்காத இடத்தில்,
சுத்தமான நான்கு.
எந்தக் கட்டத்தில் டிக் அடிக்க?

தோலுக்கடியில் இருக்கிறது குழி.
குழி வட்டமானால் முடி நேராக இறங்கும்,
நீள்வட்டமானால் வளையும்,
நசுங்கிச் சப்பையாக, சாய்ந்து கிடந்தால்
சுருண்டு சுருண்டு வரும்.
எல்லாம் இடியாப்ப அச்சின் வேலை.
அச்சு அப்படியே இருக்க
மாவைத் திட்டி என்ன பிரயோஜனம்?
நானும்தான் மாசம் பத்துப் பேருக்கு
மருந்து பூசி, சூடு வைத்து, நேராக்கி அனுப்புகிறேன்.
ஆறாம் மாசம் உச்சியில் சுருள் எட்டிப்பார்க்கும்.
நான் போட்ட பில்
குழிக்குத் தெரியாது.

உறையிலிருந்து ஒன்றை எடுத்து
லென்ஸில் பார்த்தேன்.
வெளியே செதிள், விளமீனைப் போல அடுக்கடுக்காய்.
வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும்,
எதிர்த்துத் தடவினால் விரல் உரசும்.
உள்ளே கதம்பல் நார்போல
முறுக்கிக் கிடக்கும் இழைகள்;
பலமும் கறுப்பும் அங்கேதான்.
நட்டநடுவே ஒரு குழல்.
சில முடியில் இருக்கும், சிலதில் இருக்காது.
அது எதற்கென்று
நாகர்கோவில் பயிற்சியில் கேட்டேன்.
பிரியாணி வந்துவிட்டது.

முடியின் அடியில் வெள்ளையாய் ஒரு குமிழ்.
இன்னொன்றை எடுத்தேன், அதிலும் குமிழ்.
ஐந்தாவதிலும்.

உடைந்ததில்லை இது, இழுபட்டதுமில்லை.
வளர்வதை நிறுத்தி,
இருந்த இடத்திலேயே மூன்று மாசம் சும்மா இருந்து,
பிறகு தானே கையை விட்டது.

"மூணு மாசம் முன்ன என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லியே."

"காய்ச்சல்? பட்டினி?"

கண்ணாடிக்குள் என்னைப் பார்த்துக்கொண்டே
விரலை மடக்கினாள்.
மே. ஏப்ரல்.
தவக்காலம் தொடங்கின வாரம்.
அங்கே விரல் நின்றது.

"அண்டியாபீஸுக்கு நாலு நாள் போகல்ல," என்றாள்.
"நாலே நாள்தான்."

மின்விசிறி சுற்றியது.
நாலு நாளில் என்னவென்று நான் கேட்கவில்லை.
எண்ணெயை எடுத்தேன், வைத்தேன்.

"இனியும் கொட்டுமா?"

"கொஞ்ச நாள் கொட்டும்.
இங்க பாரு," என்று
வகிட்டருகே கைக்கண்ணாடியைப் பிடித்தேன்.
அரை விரல்கூட இல்லாத குட்டி முடிகள்,
எண்ணெய்க்கு அடங்காமல் விறைத்துக்கொண்டு,
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளைப் போல.
"இது வெட்டுப்பட்டதில்ல. புதுசாக்கும்."

தொட்டுப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் தொட்டாள்.

விலைப்பட்டியலில் ஆயிரத்து எண்ணூறுக்கு ஒரு சிகிச்சை உண்டு.
மாச வாடகை பாக்கியும் உண்டு.
நுனி மட்டும் வெட்டி நூறு ரூபாய் வாங்கினேன்.
அதிலும் பத்து ரூபாய் சில்லறை இல்லை அவளிடம்.

அவள் பஸ் ஏறுவதற்குள் சாரல் பிடித்துவிட்டது.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
அத்தனை சுருளும் ஈரம் குடித்து
தலை இரண்டு மடங்காகி,
அதை அழுத்தி வைக்காமல்
முந்தானையும் போடாமல்
நின்றுகொண்டிருந்தாள்.

கூட்டும்போதுதான் கண்டேன்,
உறையை நாற்காலியிலேயே விட்டிருக்கிறாள்.
மற்ற முடியோடு சேர்த்துக் கொட்டக் கை வரவில்லை.
எடுத்து வைத்து
நான் என்ன செய்ய?